'அப்பா' என்று எழுதிய பிளேட்

என் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்பூன் கிடக்கும். கூடவே ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் கவர்கள் கொஞ்சம், ஒரு மார்க்கர் பேனா. சாப்பிடுவதற்காக இல்லை, மண் அள்ளுவதற்காக. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், துக்கம் கேட்கப் போன வீட்டுக் கொல்லை, டயர் பஞ்சராகி பஸ் நின்ற சாலையோரம் என்று எங்கே போனாலும் என் கண் தரையைத்தான் மேயும். "நாலு பேர் இருக்கிற இடத்துல அந்த ஸ்பூனை மட்டும் வெளிய எடுக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று என் கணவர் பலமுறை கெஞ்சியிருக்கிறார். நானும் சரி என்று தலையாட்டுவேன். அங்கே போனதும் கை சும்மா இருக்காது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு போக மிச்ச நேரமெல்லாம் ஆய்வகத்தில்தான். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து புதிய ஆன்டிபயாட்டிக் ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது என் ஆராய்ச்சி. இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் பாவமாகப் பார்ப்பார்கள். மீதிப் பேர் "இன்னும் கண்டுபிடிக்கலையா?" என்பார்கள். ரெண்டாவது கேள்விதான் எனக்குச் சுருக்கென்று கோபத்தைக் கொண்டுவரும். என்னமோ நான் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "ஏண்டிம்மா, நந்தவனத்து மண்ணை எடுத்துண்டு போனியாமே, எதுக்கு?" என்றார். அதில் நல்ல கிருமி இருக்கும் மாமி என்றேன். "பெருமாளுக்குப் பூ பூக்கற இடத்துல கிருமியா?" என்று கேட்டபோது அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. அந்தக் கிருமி இல்லை மாமி, இது வேற என்று நான் விளக்குவதற்குள் உள்ளே போய்விட்டார். அதன்பின் ரொம்ப நாள் என்னிடம் முன்போல் பேசவில்லை.

அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு பிடி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூட்டம் கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஓடித் தப்பிக்கக் காலும் கிடையாது, கடிக்கப் பல்லும் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் நம் இடத்தைப் பிடிக்காமல் இருக்க அவற்றில் சில ஒரு விஷத்தைக் கசிய விடுகின்றன. அந்த விஷத்தைத்தான் மனிதன் எடுத்து மருந்தாக்கிக்கொண்டான். புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் நாம் விழுங்கும் எத்தனையோ மாத்திரைகளின் பூர்வீகம் மண்தான். ஆனால் நம்மைத் தாக்கும் கிருமிகள் இந்த மருந்துகளுக்கெல்லாம் பழகிவிட்டன. எளிதாகக் கிடைத்ததை முன்னே வந்தவர்கள் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது தேடினால் பெரும்பாலும் பழையதே திரும்பத் திரும்பக் கைக்கு வரும். மாதக்கணக்கில் வேலை செய்து, பரிசோதனைக்கு அனுப்பி, கடைசியில் இது தெரிந்த மருந்துதான் என்று பதில் வரும். அன்றைக்கு வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

இருந்தாலும் அது வேலைதான். எரிச்சல் வந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரசம் வைக்கலாம். அப்பாவின் காலில் புண் வந்த பிறகு அந்த நிம்மதியும் போயிற்று.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடும் பொன்மலையில்தான். அம்மா போன பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிடுங்கள் என்றால் "அங்க சங்கு கேக்காதே" என்பார். பணிமனைச் சங்கு ஊதினால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை என்று எதுவும் கிடையாது. சந்தைக்குப் போவார், நண்பர்களைப் பார்ப்பார், யார் வீட்டிலாவது மோட்டார் ஓடவில்லை என்றால் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குத்துக்காலில் குந்தியிருப்பார். என் அப்பா ஒரு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அம்மா சொல்வாள். எனக்கும் அதே குணம் என்று அவள் சேர்த்துச் சொல்வதையும் விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை வியாதி அவருக்குப் பல வருடமாக உண்டு. பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போயிருந்தது. புதுச் செருப்பு கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு, புண் வாடியதும் பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடி சீழ் வைத்தது. மறுபடி பாதி. வருடா வருடம் நான் வகுப்பில் எதைச் செய்யாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறேனோ, அதை என் அப்பாவே ஒன்றுவிடாமல் செய்து முடித்திருந்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயே காலேஜுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டு இருக்க, இதுக்கு வேற வருவியா" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீழை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்த ரிப்போர்ட் வந்தது. ஒவ்வொரு மருந்துக்கு நேரேயும் ஆங்கில 'ஆர்' எழுத்து. அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். இந்த மாதிரி ரிப்போர்ட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், பாடமாக நடத்தியிருக்கிறேன். இதில் மேலே அப்பா பெயர் இருந்தது. ஒரே ஒரு ஊசி மருந்துதான் மிச்சம் இருந்தது. அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து.

டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். "இந்த ஊசியைப் போட்டுப் பாக்குறோம்மா. கிட்னி தாங்குச்சுன்னா சரி. தாங்கலைன்னா ஊசியை நிறுத்தணும். அப்ப கிருமி மேல ஏறும். உயிருக்கு வர்றதுக்குள்ள முழங்காலுக்குக் கீழ எடுத்துட வேண்டியதுதான்."

அப்பா இதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். டாக்டர் போனதும் என்னைக் கூப்பிட்டார். "நீ இத்தனை வருஷமா மண்ணைத் தோண்டுறியே, இந்தக் கிருமிக்கு உங்கிட்ட ஏதாச்சும் இருக்காம்மா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. பணிமனையில் ஒரு சாமான் ஸ்டோரில் இருக்கிறதா என்று கேட்கிற குரல் அது. இருக்காது என்று எனக்குத் தெரியும். "பாக்குறேம்ப்பா" என்றேன்.

டாக்டரிடம் அனுமதி வாங்கி, அப்பாவின் சம்மதத்தோடு, அந்தக் கிருமியில் கொஞ்சம் எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்து வந்தேன். வேலை செய்யும் முறை எளிது. கையளவு பிளேட்டில் கூழ் மாதிரி உறைந்த உணவை ஊற்றி, அதன்மேல் நோய்க் கிருமியைப் பரப்புவோம். அது தளதளவென்று புல்தரை மாதிரி வளரும். அதற்கு நடுவே மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை வைப்போம். அது விஷம் விட்டால் சுற்றிலும் கிருமி செத்து வட்டமாக ஓர் இடம் வெறிச்சென்று தெரியும். அந்த வட்டத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

பிளேட்டின் மேல் அடையாளம் எழுத வேண்டும். நோயாளியின் பெயரை எழுதக்கூடாது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. 'அப்பா' என்று எழுதினேன். மறுநாள் காலை என்னிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி, பிளேட்டுகளை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "மேடம், அப்பா நல்லா வளர்ந்திருக்கு" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அதன்பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையிருப்பில் இருந்த பாக்டீரியா எல்லாவற்றையும் அந்தக் கிருமிக்கு எதிரே நிறுத்திப் பார்த்தோம். ஒன்றும் அசைக்கவில்லை. அப்புறம் புது மண். காலையில் கொள்ளிடக் கரையில் நாணல் வேரடி, கல்லூரி போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வாழைத்தோட்டம், மத்தியானம் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வேப்ப மரத்தடி. காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் மாட்டினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். கிருமி பெருகிக்கொண்டே இருக்கும், நான் மட்டும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். டிரைவரிடம் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். "நான் என்னங்க பண்றது, பறந்தா போக முடியும்?" என்றார் அவர், நியாயமாக.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பா முதலில் சாப்பாட்டைக் கேட்க மாட்டார். "என் கிருமி எப்படி இருக்கு?" என்பார். ஊரில் இருக்கும் சொந்தக்காரரை விசாரிப்பது போல. நானும் சொல்வேன். அவருக்குப் படுத்திருப்பது நரகமாக இருந்தது. கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு போல்ட் ஆடுகிறது என்று ஸ்பேனர் கேட்டு நர்ஸம்மாவைப் பாடாய்ப் படுத்தினார். அவரை ஓர் இடத்தில் படுக்க வைக்க நான் என் வேலையைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள் என்று ஒருநாள் சொன்னேன். எந்தக் கிருமியைக் கொல்ல வேண்டுமோ அதையே கொண்டுபோய் மண்ணில் போடுவார்கள். போட்டுவிட்டுப் பல மாதம் காத்திருப்பார்கள். அந்தக் கிருமியை எதிர்க்கத் தெரிந்தவை மட்டும் அந்த மண்ணில் பெருகும். அப்புறம் அங்கே போய்த் தேடுவார்கள்.

"அப்ப அப்படிப் பண்ண வேண்டியதுதானே?" என்றார்.

"அதுக்கெல்லாம் நாளாகும்ப்பா. நமக்கு ஏது அவ்வளவு நாள்?" என்றேன். அவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, மருங்காபுரிப் பக்கம் மானாவாரி நிலத்தில் விவசாயம் செய்கிறார். நாங்கள் அங்கிருந்து பிழைக்க வந்த குடும்பம்தான். மழையில்லாமல் காய்ந்து கிடக்கும் மண்ணில் பிடிவாதமான பாக்டீரியாக்கள் இருக்கும் என்று நினைத்து, கொஞ்சம் மண் அனுப்புங்க என்று அத்தைக்குப் போன் செய்தேன். அவர் மதுரை பஸ்ஸில் வந்த தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மண். சன்னமாக, பொடி மாதிரி இருந்தது. மேலே வேப்பிலை. எனக்கு அப்போதே சந்தேகம். போன் போட்டேன்.

"அத்தை, மண்ணை என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல பாப்பா. சல்லடையில சலிச்சு, வாணலியில போட்டு லேசா வறுத்தேன். ரவை வறுக்கிற மாதிரிதான். இல்லாட்டி வண்டு புடிச்சிடும்ல. அண்ணனுக்கு மருந்துக்குன்னு சொன்ன, அழுக்கும் தூசியுமா அனுப்ப முடியுமா?"

அந்த பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் நின்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். உளுந்து, துவரை, ரவை எதை ஊரிலிருந்து அனுப்பினாலும் அத்தை அப்படித்தான் அனுப்புவார். "கிருமிக்காகத்தான் அத்தை மண்ணே கேட்டேன். அதையெல்லாம் வறுத்துக் கொன்னுட்டு வெறும் மண்ணை அனுப்புனா நான் என்ன செய்ய?" என்று கத்திவிட்டேன். பிறகு, "நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணேன்" என்று சின்னக் குரலில் சொல்லிப் போனை வைத்தார்.

தூக்கிப் போட மனம் வரவில்லை. எங்கள் ஆய்வகத்திலும் மண்ணைச் சூடாக்குவது உண்டு. அவசரமாகப் பெருகும் சாதாரணப் பாக்டீரியாக்கள் சூட்டில் செத்துவிடும். நாங்கள் தேடும் வகை விதை மாதிரி வித்துகளை விட்டுச் சூட்டைத் தாங்கும். ஆனால் நாங்கள் அளவாகச் சூடேற்றுவோம். அத்தை விறகடுப்பில் என்ன பதத்தில் வறுத்தாரோ, யாருக்குத் தெரியும்? நம்பிக்கையில்லாமல்தான் கரைத்துப் பிளேட்டில் போட்டேன்.

ஒரு வாரம் போல ஆயிற்று. வழக்கமாக வழவழவென்று எல்லாம் கலந்து வளர்ந்து எங்களைத் திண்டாட வைக்கும் பிளேட், அன்று துடைத்து வைத்தது போல் இருந்தது. அங்கங்கே மட்டும் சுண்ணாம்புப் புள்ளி வைத்த மாதிரி வெள்ளையும் சாம்பலுமாகச் சில. மூடியைத் திறந்ததும் முதல் மழைக்கு மண் வாசனை அடிக்குமே, அந்த வாசனை. அது இந்த வகைப் பாக்டீரியாக்களிலிருந்து வருவதுதான். மாணவி ஒவ்வொன்றாகப் பிரித்து 'அப்பா'வுக்கு எதிரே வைத்தாள். அதில் சாம்பல் நிறத்தில் ஒன்று, தன்னைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. மங்கலான வட்டம் இல்லை. கண்ணாடி போலத் துல்லியமான வட்டம். ஒரே ஒரு மருந்தைத் தவிர எதற்கும் மசியாத கிருமி அதன் எல்லையில் வந்து நின்றிருந்தது.

என் உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே அத்தைக்குத்தான் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "அப்ப வறுத்தது நல்லதுதானே பாப்பா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் அத்தை, ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போனில் படத்தைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "செத்துப்போச்சா?" என்றார். செத்துப்போச்சு என்றேன். "அப்ப அதைக் கொண்டாந்து காலுல ஊத்து" என்றார்.

இந்த இடத்துக்கு நான் தயாராக இல்லை. அப்படியெல்லாம் முடியாது என்றேன். அது மருந்தில்லை, இன்னும் என்னவென்றே தெரியாது, கிருமியைக் கொல்வது மனிதனையும் கொல்லலாம், முதலில் எலியில் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் வருடக்கணக்காகும் என்று அடுக்கினேன். அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருந்தார், ஊசி சிறுநீரகத்தை அடிக்க ஆரம்பித்துவிட்டது, அதிக நாள் தள்ள முடியாது என்று. அப்பாவுக்கும் அது தெரியும்.

"வேலைக்கு ஆகுற சாமானைக் கையில வச்சுக்கிட்டு, ஆளை நொண்டியா விடுறது எந்த ஊரு நியாயம்மா? என் காலு. நான் சொல்றேன். ஊத்து."

"மாட்டேம்ப்பா."

"எழுத்துல வேணும்னா எழுதித் தரேன். உன்மேல ஒண்ணும் வராது."

"எம்மேல வரும்னா நான் பயப்படுறேன்? உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது அன்றுதான்.

கிளம்பும்போது அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "எலியெல்லாம் எதுக்கு? என் ரத்தம் இருக்கு. அதுல விட்டுப் பாரு. ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் நீ என்ன சாக்குச் சொல்றன்னு பாக்குறேன்."

அவர் சொன்னது தப்பில்லை. நாங்களும் முதலில் ரத்தத்தில்தான் பார்ப்போம், ஆட்டு ரத்தத்தில். ஒண்ணும் ஆகவில்லை என்றாலும் காலில் ஊற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அதை அப்போது சொல்லவில்லை. நர்ஸம்மா அப்பாவிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பாக்டீரியாவை வளர்த்து வடித்த பழுப்பு நீர் ஆய்வகத்தில் தயாராக இருந்தது. ரத்தம் கலந்த பிளேட்டில் சின்னக் குழி போட்டு அதை விட்டேன். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறக்கும்போது நான் வேண்டாத தெய்வமில்லை. சிவப்புப் பிளேட்டில், குழியைச் சுற்றி, அதே மாதிரி துல்லியமான வட்டம். அந்த இடத்தில் ரத்த அணுக்கள் எல்லாம் உடைந்து சிவப்பே இல்லாமல் போயிருந்தது. நம்ப முடியாமல் ஆட்டு ரத்தத்திலும் பார்த்தோம். அதிலும் அப்படித்தான். அது கிருமி என்றும் மனிதன் என்றும் பார்க்கவில்லை.

ரெண்டு படத்தையும் அப்பாவிடம் காட்டினேன். ஒன்றில் அவர் கிருமி, இன்னொன்றில் அவர் ரத்தம். ரெண்டிலும் வட்டம். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பூட்டை உடைக்கச் சொன்னா வீட்டையே இடிக்குது" என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் கையை விடவில்லை. "சரிம்மா. டாக்டரை எடுக்கச் சொல்லு."

நான் அழுதேன். என் வேலையின் மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பைப் போல எதன்மேலும் வந்ததில்லை. ஊரெல்லாம் மண்ணைச் சுரண்டி, ஊரெல்லாம் கேலிப் பேச்சு வாங்கி, என் அப்பாவின் ஒரு காலுக்குக்கூட உதவாத படிப்பு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். எடுக்கும் காலை ஆஸ்பத்திரியில் விட்டுவிடாமல், முறைப்படி கேட்டு வாங்கி, மருங்காபுரியில் அத்தை நிலத்தின் ஓரத்தில் புதைக்க வேண்டும். எரிக்கக் கூடாது. என் கணவர், பொன்மலையிலேயே இடம் இருக்கே மாமா, அவ்வளவு தூரம் எதற்கு என்றார். "நம்ம மண்ணுல போய்ச் சேரட்டும் மாப்ள. நான் போறதுக்கு முன்னாடி எடம் புடிச்சு வைக்கட்டும்" என்று சிரித்தார். சொந்த மண் மேல் இருக்கும் ஆசை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். டாக்டரும் சம்மதித்தார். துணி சுற்றி, மூடிய பெட்டியில், வாடகைக் காரில் என் கணவர்தான் கொண்டுபோனார். அத்தை வேலியோரத்தில் ஆழமாகக் குழி வெட்ட வைத்து, மஞ்சள் துணி போர்த்தி, கற்பூரம் காட்டிப் புதைத்தாராம். ஓர் ஆளுக்குச் செய்வதைப் போல.

கிருமி காலோடு போயிற்று. சிறுநீரகம் மெல்லத் தேறியது. அப்பா செயற்கைக் கால் பொருத்திக்கொண்டார். பொருத்திய முதல் நாளே ஸ்க்ரூ சரியில்லை என்று அதைக் கழற்றிப் பார்த்து, செய்து கொடுத்தவரிடம் திட்டு வாங்கினார். சைக்கிள் மட்டும் கைகூடவில்லை. பொன்மலை வீட்டின் முன்பக்கம் அது நிற்கும். டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்வார்.

நானும் பழையபடி ஸ்பூனோடு அலைந்தேன். அந்தச் சாம்பல் நிறப் பாக்டீரியாவைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தெரிந்த விஷம்தான் என்று பதில் வந்தது. அப்பாவின் கிருமி எங்கள் குளிர்ப்பெட்டியில் உயிரோடு இருக்கிறது. புதிதாக எந்த மண் வந்தாலும் முதலில் அதற்கு எதிரேதான் நிறுத்துவோம். "என் கிருமி எப்படி இருக்கு?" என்று அப்பா போனில் கேட்பது நிற்கவில்லை. நல்லா இருக்குப்பா என்பேன்.

போன மழைக்காலம் முடிந்து ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் அவர் கல்லூரிக்கு வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து கம்பை ஊன்றி இறங்கி, மாணவி கைகொடுக்க வந்ததை வேண்டாம் என்று தட்டிவிட்டு, தானே படியேறி ஆய்வகத்துக்குள் வந்தார். தோளில் மஞ்சள் பை. அதிலிருந்து ரெண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உங்க அத்தை குடுத்துவிட்டா. இது வறுத்தது. இது பச்சை. எது வேலைக்கு ஆகுமோ, ரெண்டையும் பாத்துக்க."

"எதுக்குப்பா மறுபடி? அந்த மண்ணைத்தான் பாத்தாச்சே. அதுல இருந்தது ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சே" என்றேன், கொஞ்சம் சலிப்பாகவே.

"அது அப்ப எடுத்த மண்ணு. இது வேலியோரம் எடுத்தது." தன் செயற்கைக் காலைக் கம்பால் லேசாகத் தட்டினார். "நீதானேம்மா சொன்ன. கிருமியைக் கொண்டுபோய் மண்ணுல போட்டு, நாளாக விடணும், அப்பத்தான் அதை அடக்கத் தெரிஞ்சது அங்க பெருகும்னு. நமக்கு ஏது அவ்வளவு நாள்னு அன்னைக்கு நீ கேட்ட. எனக்குத்தான் நாள் இல்லை. வேற எவனுக்காவது இருக்கும்ல. அதான் போட்டுவச்சேன்."

எடம் புடிச்சு வைக்கட்டும் என்று அவர் சிரித்தது நினைவுக்கு வந்தது. மாணவி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

"இப்ப ஆரம்பிச்சா எப்பத் தெரியும்?" என்றார்.

"ஒரு வாரம், பத்து நாள் ஆகும்ப்பா. ஒண்ணும் இல்லாமலும் போகலாம்."

"போகட்டும். நீ உன் வேலையைப் பாரு. நான் உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகைச் சாய்த்து, கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கையுறை மாட்டினேன். கல்யாண வீட்டில்கூடச் சும்மா இருக்காத என் கை, அந்தப் பாட்டிலைத் திறக்க மாட்டேன் என்றது. அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எட்டி, பச்சை மண் பாட்டிலின் மூடியை அவரே திருகித் திறந்து, முகர்ந்து பார்த்து, என் பக்கம் நீட்டினார்.

"எடும்மா" என்றார்.

எடுத்தேன்.